பாவாயி ஊற்ற மறுத்த குழம்பு

பாவாயிக்கு வரமிளகாய் ஆகாது. மலைமேல் வளப்பூர் நாட்டில் எங்கள் ஊரில் யார் அவளைப் பற்றிப் பேசினாலும் இதில்தான் ஆரம்பிக்கிறார்கள். அவளுக்கு எத்தனை பிள்ளைகள், எந்தக் காட்டில் சாமை விதைத்தாள், எப்போது இறந்தாள் என்பதெல்லாம் பிறகுதான் வரும். சில சமயம் வராமலே போய்விடும். ஒரு மனுஷியை அவள் நாக்கின் விருப்பத்தை வைத்து மட்டும் ஓர் ஊர் ஞாபகம் வைத்திருப்பது சரிதானா என்று எனக்கு முதலில் சந்தேகமாக இருந்தது. எழுத உட்கார்ந்த பிறகு அந்தச் சந்தேகம் பாதியாகக் குறைந்துவிட்டது.

அவள் அதே மலையில் குண்டூர் நாட்டுப் பெண். எங்கள் ஊர் சின்னுசாமிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்குச் சில வருடங்களுக்கு முந்தைய காலம் அது. அப்போது மலைக்கு ரோடு கிடையாது. உப்பும் துணியும் வேண்டுமென்றால் புளியஞ்சோலைப் பக்கம் காட்டுவழியில் இறங்கிப் போய்த் தலைச்சுமையாக மேலே கொண்டுவர வேண்டும். மற்றதெல்லாம் மலையிலேயே விளைந்தது. மிளகுக்கொடி பலாமரத்தின் மேல் தானாகப் படர்ந்து கிடந்தது.

அந்த மிளகை அவள் ஒருநாளும் பொடித்து வைத்துக்கொண்டதில்லை. குழம்பு கொதி வந்த பிறகுதான் அம்மியில் வைத்து நசுக்குவாள். உடைந்தால் போதும், மாவாகக் கூடாது. பூண்டைத் தோலோடு தணலில் புதைத்து எடுத்து, சுட்ட வாசத்தோடு போடுவாள். உப்பைக் கல்லாகத்தான் போடுவாள், அதுவும் சட்டியை இறக்கும் நேரத்தில். புதுப்புளி பிடிக்காது, கறுத்துப்போன பழைய புளிதான் வேண்டும். கீரைக்குப் புளியே கூடாது, நாரத்தங்காயைப் பிழிந்துவிட வேண்டும். கடுகை எண்ணெயில் பொரிய விடமாட்டாள். "அது வெடிச்சுச் சிதறிப் போயிருது, அப்புறம் அதுல என்ன இருக்குது?" என்று பச்சையாகவே அரைத்துச் சேர்ப்பாள். கீழ்நாட்டு யாவாரி ஒருவர் ஒருமுறை பெருங்காயத்தை முகர்ந்து பார்க்கக் கொடுத்தபோது, "எங்கூட்டுப் பரண்லயும் எலி செத்துக் கெடக்குதுங்க, தனியா வாங்க வேண்டியதில்லை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாளாம்.

அவள் வந்த புதிதில் வைத்த குழம்பைத் தின்றுவிட்டு மாமியார் கண்ணாயி, "ஏன்டி, என்னைக் கொல்ல வந்தியா, குளிர்காய வெக்க வந்தியா?" என்று கேட்டாள். "ரெண்டாவதுதானுங்க அத்தை" என்றாள் பாவாயி. அதற்குப் பிறகு கண்ணாயி இருந்தவரை வேறு யார் கைச் சமையலையும் கேட்கவில்லை.

வரமிளகாய் மீது அவளுக்கு என்ன கோபம் என்று கேட்டால், கோபமே இல்லை என்பாள். "மொளகு மெதுவா வந்து தொண்டையில உக்காந்துக்கும். எறங்குன பொறவும் வயித்துல இருந்துட்டுப் பேசும். வரமொளகா ஒதட்டோட சண்டை புடிச்சுட்டு ஓடிப்போயிரும். சண்டைக்காரி கூட எனக்கென்ன பேச்சு?" இதை அடுத்த வீட்டுக்காரிகளிடம் போதித்ததில்லை. யார் எதைப் போட்டுத் தின்றாலும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். தன் அடுப்பு, தன் சட்டி, தன் நாக்கு. அதோடு சரி.

எங்கள் ஊரில் ஆடி நோம்பி அன்று ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு சட்டி சாமைச்சோறும் ஒரு சட்டி மொச்சைக் குழம்பும் கோயிலுக்கு வரும். சோற்றையெல்லாம் வாழையிலை விரித்து ஒரே குவியலாகக் கொட்டுவார்கள். குழம்பையெல்லாம் ஒரே அண்டாவில் ஊற்றிக் கலந்துவிடுவார்கள். அதைச் சாமிக்குப் படைத்த பிறகு ஊரே சேர்ந்து உண்ணும். அண்டாவில் ஊற்றுவதற்கு முன், அந்த வீட்டுப் பெண் தன் சட்டியிலிருந்து ஒரு கை அள்ளி எல்லோர் முன்னாலும் வாயில் போட்டு விழுங்க வேண்டும். விழுங்கிவிட்டு, "எங்கூட்டுச் சோறு, எங்கூட்டுக் கொழம்பு" என்று சொல்லி ஊற்ற வேண்டும். தன் வீட்டில் தின்பதைத்தான் ஊருக்கும் சாமிக்கும் கொடுக்கிறாள் என்று அதற்கு அர்த்தம். ஊற்றாத வீடு அந்த வருடம் ஊரோடு சேராத வீடு. அடுத்த நோம்பி வரை அந்த வீட்டுக் காட்டுக்கு யாரும் களையெடுக்கப் போக மாட்டார்கள், அந்த வீட்டு அடுப்பிலிருந்து யாரும் நெருப்பு வாங்க மாட்டார்கள்.

அண்டாக் குழம்பு அதுவரை எப்போதும் கறுப்பாகத்தான் இருந்தது. ஒன்றிரண்டு தவிர எல்லா வீட்டிலும் மிளகுதானே.

அப்போது ஊர்க்கவுண்டராக இருந்தவர் ராசப்பன். அவர் என் பூட்டன், அதாவது என் அப்பாவின் அப்பாவுக்கு அப்பா. ஒரு வருட நோம்பிக்கு அவர் மலையடிவாரத்து விவசாயி வெங்கிடுசாமியை அழைத்திருந்தார். வெங்கிடுசாமி கீழே சொந்த நிலமும் கிணறும் உள்ளவர். மலை மிளகை வாங்கிக்கொண்டு போவார், திரும்பி வரும்போது உப்பும் மிளகாயும் கொண்டுவருவார். நல்ல மனிதர், ஆனால் வாய் சும்மா இருக்காது. இலையில் குழம்பு விழுந்ததும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏனுங்க கவுண்டரே, எனக்குச் சளியே புடிக்கலியே. எதுக்குங்க கஷாயம்?" என்றார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். என் பூட்டனும் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு அவருக்குள் முள்ளாக நின்றுவிட்டது. கீழ்நாட்டுக் கல்யாண வீடுகளில் குழம்பு சிவப்பாக எண்ணெய் மிதந்துகொண்டிருப்பதை அவர் பார்த்திருக்கிறார்.

அடுத்த நோம்பிக்கு முன் அவர் ஊரைக் கூட்டினார். "இந்த வருசம் எல்லாரும் வரமொளகா போட்டுத்தான் கொழம்பு வெக்கோணும். கருப்பு ஊத்துனா அண்டாவே திரிஞ்சு போவும். கருப்புச் சட்டி வந்தா ஊத்த விடமாட்டேன்." யாரும் எதிர்த்துப் பேசவில்லை. வெங்கிடுசாமியின் மூட்டையிலிருந்து வீட்டுக்கு வீடு மிளகாய் வாங்கிக்கொண்டார்கள்.

பாவாயி வாங்கவில்லை.

சின்னுசாமி பயந்த சுபாவம். பேச்சு வளர்ந்தால் மாடு கட்டும் தும்பைத் தேடுவதுபோலக் கொட்டகைக்குப் போய்விடுகிற ஆள். அவனே அன்று வாயைத் திறந்தான். "ஒரு நாளு, ஒரே ஒரு சட்டி. போட்டுட்டா என்ன புள்ளே?"

"போட்டா நான் முழுங்கோணுமில்லீங்க."

"முழுங்கேன். பாம்பு வெசமா அது?"

"முழுங்கீட்டு, எங்கூட்டுக் கொழம்புன்னு சொல்லோணும். நம்மூட்ல என்னைக்குங்க அது வெந்துச்சு?"

"ஊர் சொல்லுது."

"ஊர் சொல்லட்டுமுங்க. நான் அடுப்பைக் கேட்டுக்கறேன்."

"நாளைக்குக் காட்டுல நாம ரெண்டு பேரும் தனியாக் குனிஞ்சு கெடக்கோணும். பாத்துக்க."

அந்தப் பயம் அவளுக்கும் இருந்தது. அவர்கள் காடு சரிவில் இருந்தது. மழை பிடித்தால் களை சாமையை மூடிவிடும். ஊர் கை கொடுக்காவிட்டால் பாதிப் பயிர் போகும். அவள் தெரிந்தேதான் மொச்சையை ஊறப்போட்டாள்.

நோம்பி அன்று காலையில் குழம்பை இறக்கி வைத்துவிட்டு ஓடைக்குக் குளிக்கப் போனாள். அவள் திரும்பி வந்தபோது சட்டியின் வாயில் வாழையிலை மூடி, நாரால் இறுக்கிக் கட்டியிருந்தது. "மழை தூறுது. தண்ணி எறங்கீரும்னு கட்டி வெச்சேன்" என்றான் சின்னுசாமி. அதுவரை அவன் வீட்டில் ஒரு சட்டியையும் மூடியதில்லை. பயத்திலும் மனிதனுக்குக் கரிசனம் வரும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, சட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

கோயிலில் முதல் சட்டி ஊர்க்கவுண்டர் வீட்டுடையது. ராசப்பனின் மனைவி பொன்னம்மாள் ஒரு கை அள்ளிப் போட்டு, லேசாக இருமி, சொல்ல வேண்டியதைச் சொல்லி ஊற்றினாள். அடுத்தடுத்த வீடுகள் ஊற்றின. சில பேர் இருமினார்கள், சில பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அண்டாவில் சிவப்பு ஏறிக்கொண்டே வந்தது. பாறைமேல் உட்கார்ந்திருந்த வெங்கிடுசாமி, "ஆ, இதல்லவா கொழம்பு" என்றார். ராசப்பன் மீசையைத் தடவிக்கொண்டார்.

பாவாயி முறை வந்தது. கூட்டம் நெருங்கி வந்தது. கருப்புச் சட்டி வரும், கவுண்டர் தடுப்பார், என்ன நடக்கிறது பார்ப்போம் என்றுதான் எல்லோரும் நின்றார்கள். அவள் நாரை அவிழ்த்து இலையை எடுத்தாள். சட்டியில் குழம்பு சிவப்பாக இருந்தது.

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு. "வந்துட்டா வழிக்கு" என்றது ஒரு குரல். பாவாயி சட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஒரு கை அள்ளி வாயில் போட்டாள். விழுங்கவில்லை. கையிலிருந்த இலையை மடித்து அதில் துப்பினாள்.

"என்னம்மா பாவாயி," என்றார் ராசப்பன். "முழுங்கீட்டு ஊத்து. மழை வலுக்குது."

"இது எங்கூட்டுக் கொழம்பு இல்லீங்க மாமா."

"பின்ன யாரூட்டுக் கொழம்பு? உஞ்சட்டி. நீதான செமந்துட்டு வந்த?"

"சட்டி என்னுதுங்க. வெச்சதும் நாந்தானுங்க. இதுல கெடக்கற வரமொளகா என்னுது இல்லீங்க."

எல்லோரும் சின்னுசாமியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய பங்காளி சென்றாயன், "டேய், விடியால எங்கூட்டுக்கு வந்து ஒரு பிடி மொளகாத்தூளு மாட்டு வைத்தியத்துக்குன்னு வாங்கீட்டுப் போனியே. இதுதான் அந்த மாடா?" என்று கேட்டான். சிரிப்பு வெடித்தது. சின்னுசாமி தலையைக் குனிந்துகொண்டான். "உன்னைத் தள்ளி வெச்சிருவாங்கன்னுதான் புள்ளே..." என்று முனகியது பக்கத்தில் நின்றவர்களுக்கு மட்டும் கேட்டது.

ராசப்பனுக்கு இப்போது வழி எளிதாகிவிட்டது. குரலைத் தணித்துக்கொண்டார். "எப்படியோ செவந்து போச்சு. ஊர் கேட்ட மாதிரியே இருக்குது. ஊத்தீரு கண்ணு. உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

இந்த இடத்தில்தான் நான் நின்று யோசிக்கிறேன். அவள் ஊற்றியிருக்கலாம். தப்புச் செய்தது அவள் இல்லை. தடுக்க நின்ற ஊர்க்கவுண்டரே ஊற்று என்றுதான் சொல்கிறார். அவள் மறுத்தது சத்தியத்துக்காகவா, வெறும் நாக்குக்காகவா? எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் வாங்கியவள் என்ற முறையில் சத்தியத்துக்காக என்று எழுதத்தான் எனக்குக் கை வருகிறது. அது கேட்க அழகாக இருக்கும். ஆனால் அவளை நேரில் பார்த்தவர்கள் சொன்னதில் அப்படியொரு பெரிய சொல் இல்லை. அவளுக்குப் பிடிக்காது, அவள் வீட்டில் அது இல்லை, அதனால் இருக்கிறது என்று சொல்ல மாட்டாள். அவ்வளவுதான். இரண்டையும் பிரித்துப் பார்ப்பது என் பழக்கமே தவிர அவளுடையது இல்லை என்று இப்போது நினைக்கிறேன்.

"சாமி முன்னால எப்படீங்க மாமா சொல்லுவேன்?" என்றாள் பாவாயி. "எங்கூட்டுல இதை யாரும் திங்கறதில்லீங்க."

"ஊத்தலீன்னா என்னாவும், தெரியுமில்ல?"

"தெரியுமுங்க. களையெடுக்க ஆரும் வர மாட்டாங்க. நானும் இவருந்தான் எடுக்கோணும். இவருக்கு இந்த வருசம் காட்டை விட்டு நிமுந்து பாக்கற வேலையே வெக்கப் போறதில்லீங்க."

சிலர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. சட்டியைத் தூக்கித் தலைமேல் வைக்கப் போனாள்.

"நில்லு பாவாயி" என்றாள் பொன்னம்மாள்.

அவள் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். புருசனைப் பார்த்துக் கேட்டாள்: "ஏனுங்க, நம்மூட்ல என்னைக்குங்க வரமொளகாக் கொழம்பு?"

"ஏய், சும்மா இரு."

"எப்படீங்க சும்மா இருக்கறது? மொதச் சட்டி நாந்தான ஊத்துனேன். எங்கூட்டுக் கொழம்புன்னு சாமி முன்னால வாய் கூசாமச் சொன்னேன். முந்தா நேத்து உப்பு உறைப்புப் பாக்கறதுக்கு ஒரு கரண்டி குடுத்தேன். வயிறு காந்துதுன்னு மோர் மோரா வாங்கிக் குடிச்சது ஆருங்க? சொல்லட்டுங்களா?"

"அதைத்தான் சொல்லீட்டியே" என்றான் சென்றாயன்.

இந்தமுறை சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அடங்கியபோது இன்னொருத்தி, "எங்கூட்டுலயும் இன்னைக்குத்தாங்க மொதத் தடவை" என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, "எங்கூட்டுல எம்மாமன் சட்டியைப் பாத்துட்டு ரத்தமான்னு கேட்டாருங்க" என்றாள். ஒவ்வொருத்தியாகச் சொல்லத் தொடங்கினார்கள். சென்றாயன் மட்டும் நெஞ்சை நிமிர்த்தி, "எங்கூட்டுல நெசமாவே வரமொளகாதான். எம்பொண்டாட்டி பொய் சொல்லலை, எழுதி வெச்சுக்குங்க" என்றான். அதுவும் உண்மைதான்.

என் பூட்டன் அண்டாவையே பார்த்துக்கொண்டு நின்றாராம். கோபப்பட்டிருக்கலாம். அவர் சொல்லுக்கு அப்போது அவ்வளவு அதிகாரம் இருந்தது. கோபப்படாததற்காக அவரை நினைத்துப் பெருமைப்படுகிறேன். ஆனால் அந்தப் பெருமையில் பாதி பொன்னம்மாளுக்குத்தான் போக வேண்டும்.

கடைசியில் சொன்னார்: "ஊத்துனதைத் திருப்பி எடுக்க முடியாது. அது கெடக்கட்டும். பாவாயி அவளூட்டுக் கொழம்பை வெச்சுக் கொண்டாரட்டும். அது அண்டாவுல விழுந்த பொறவுதான் படையல்."

"அதுவரைக்கும் பசியோடயா நிக்கறது?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

"பொய் சொல்லாம ஊத்துனவன் மட்டும் பசிக்குதுன்னு சொல்லு" என்றார். சென்றாயன் கையைத் தூக்கினான். அவனைப் பேசாமல் இருக்கச் சொன்னார்கள்.

பாவாயி சட்டியை இறக்கி வைத்தாள். "ஊட்டுக்குப் போயிட்டு வந்தா நேரமாவுமுங்க. இங்கயே அடுப்பு மூட்டிக்கறேன்." பொன்னம்மாள் கல் கூட்டினாள். யாரோ காய்ந்த விறகு கொண்டுவந்தார்கள். பாவாயி புருசனைப் பார்த்தாள். "வெந்த மொச்சை மீதி அடுப்போரத்துல இருக்குதுங்க. புளி பானையில. மொளகு..."

"மொளகு எங்க இருக்குதுன்னு தெரியும்" என்று சொல்லிக்கொண்டே சின்னுசாமி ஓடினான். அவன் அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை.

திரும்பி வந்ததும் அவள் பாறையைக் காட்டினாள். "நசுக்குங்க."

"நானா?"

"பின்ன மாடா?"

எங்கள் ஊரில் ஆண்பிள்ளை மிளகு நசுக்கி அதுவரை யாரும் பார்த்ததில்லை. சின்னுசாமி ஓர் உருண்டைக் கல்லை எடுத்துக்கொண்டு பாறைமுன் குந்தினான். ஊரே சுற்றி நின்றது. "வளையல் போட்டுட்டு நசுக்கு மாப்பளே, சத்தம் நல்லாருக்கும்" என்றார்கள். "மெதுவா, பாறை ஒடைஞ்சிரப் போவுது" என்றார்கள். மிளகு கல்லுக்கடியிலிருந்து நழுவி நாலாபக்கமும் ஓடியது. பிள்ளைகள் துரத்திப் பொறுக்கினார்கள். பாவாயி அடுப்பை ஊதிக்கொண்டே, "மாவாக்காதீங்க. ஒடைஞ்சாப் போதும்" என்றாள்.

தூறல் நின்று, மறுபடி பிடித்தது. படைக்காத சோற்றின்மேல் இலைகளைப் போட்டு மூடிக்கொண்டு ஊர் நின்றது. வெங்கிடுசாமி பொறுக்க முடியாமல், "இன்னும் எத்தனை நேரமம்மா?" என்று கேட்டார்.

"பச்சை வாசம் போவோணுமுங்க. பசி தாங்கலீன்னா ரெண்டு பலாச்சுளை திங்கறீங்களா?"

"வேண்டாமம்மா. வாசம் வந்துட்டுது. இனி வேற எதுவும் எறங்காது" என்றார் அவர். மூக்கைத் துடைத்துக்கொண்டே அடுப்புக்குக் கொஞ்சம் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தார்.

குழம்பு கொதித்து அடங்கியது. அவள் உப்பைப் போட்டு, இறக்கி, ஆறவிட்டாள். யாருக்காகவும் அவசரப்படவில்லை. பிறகு எழுந்து அண்டாவுக்கு முன்னால் வந்தாள். ஒரு கை அள்ளி வாயில் போட்டாள். இத்தனை பேரும் அவள் தொண்டையையே பார்த்தார்கள். விழுங்கினாள். சொல்ல வேண்டியதைச் சொன்னாள். சிவப்பின் நடுவில் கருப்பு விழுந்து, சுழன்று, பரவியது.

படையல் முடிந்தது. இலை போட்டார்கள். பாவாயியின் இலையிலும் எல்லோருக்கும் விழுந்ததே விழுந்தது. சிவப்பும் கருப்பும் கலந்த குழம்பு. அவள் பிசைந்தாள், தின்றாள். உதடு எரிந்தது, மூக்கில் நீர் வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு அடுத்த வாயை எடுத்தாள்.

எதிர்வரிசையிலிருந்து சென்றாயன் பார்த்துக்கொண்டே இருந்தான். "ஏம்மா பாவாயி, இப்ப மட்டும் எறங்குதா?"

"இது ஊர்க் கொழம்புங்க மாமா" என்றாள் அவள். "ஊர்னா எல்லாந்தான் இருக்கும். சோறு மட்டும் இன்னும் கொஞ்சம் போடச் சொல்லுங்க."